கடலுக்கு விளக்குப் பிடிக்கும் கோடியக்கரை

தமிழ்நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையில் விரலை வையுங்கள். கடற்கரை ஓரமாகவே விரலைக் கீழே இறக்குங்கள். மாமல்லபுரம் வரும். புதுச்சேரி வரும். கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று ஒவ்வோர் ஊராக வரும். பிறகு ஓர் இடத்தில் நிலம் முடிந்துவிடும். கரை சட்டென்று மேற்கே திரும்பிவிடும்.

வீட்டுச் சுவரின் மூலை போலத் தெரியும் அந்த இடம்தான் கோடியக்கரை!

கோடி என்றால் கடைசி முனை. தெருவின் கடைசியைத் தெருக்கோடி என்கிறோம் அல்லவா? அதுபோல இது கரையின் கோடி. சோழமண்டலக் கரை இங்கே முடிகிறது. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. அதைத் தாண்டினால் இலங்கை. வெள்ளைக்காரர்கள் இந்த இடத்துக்கு 'பாயிண்ட் காலிமர்' என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் மிகச் சிறியது. மீனவர் வீடுகள், சில கடைகள், காய்கிற வலைகள், கரையில் ஏற்றி வைத்த படகுகள். சுற்றிலும் காடு, சதுப்பு, கடல். ஆனால் இந்தச் சிற்றூருக்கு ஒரு பெரிய வேலை உண்டு. இருட்டில் கடலில் இருப்பவனுக்கு, "கரை இதோ இருக்கிறது" என்று காட்டும் வேலை அது. பல தலைமுறையாக இந்த ஊர் அந்த வேலையைச் செய்து வருகிறது.

விளக்கழகு பார்த்துவிட்டு...

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் முதலில் வேதாரண்யத்துக்குப் போக வேண்டும். இது நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள ஊர். பழைய பெயர் திருமறைக்காடு. அங்கிருந்து தெற்கே 10 கிலோ மீட்டர் தூரம் போனால் கோடியக்கரை.

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேதாரண்யம் கோயில் விளக்குக்கு அவ்வளவு புகழ்! அந்த விளக்கைப் பற்றி ஒரு கதையும் உண்டு. கோயிலில் ஒரு விளக்கு அணையப் போனது. நெய் குடிக்க வந்த எலி ஒன்று திரியின் மேல் மூக்கை வைத்தது. சூடு தாங்காமல் மூக்கை இழுத்தது. திரி தூண்டப்பட்டு விளக்கு நன்றாக எரிந்தது. அந்தப் புண்ணியத்தால் எலி மறு பிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது கதை.

தெரியாமல் விளக்கைத் தூண்டிய எலிக்கே இவ்வளவு பலன் என்று சொன்ன சீமை இது. அங்கே தெரிந்தே விளக்கு ஏற்றியவர்களும் உண்டு. அவர்கள் அதைக் கடற்கரையில் ஏற்றினார்கள்.

உப்பு மணக்கும் வழி

வேதாரண்யத்தைத் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி. இரண்டு பக்கமும் உப்பளங்கள். வெயில் காலத்தில் பாத்திகளில் உப்பு பூத்துக் கிடக்கும். குவித்து வைத்த உப்பு, வெயிலில் கண்ணைக் கூச வைக்கும்.

இந்த உப்புக்காகத்தான் 1930-ம் ஆண்டில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது. காந்தியடிகள் குஜராத்தில் தண்டிக்கு நடந்தார். தமிழ்நாட்டில் ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏப்ரல் 13-ந் தேதி தொண்டர்களுடன் புறப்பட்டார். ஏறக்குறைய 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30-ந் தேதி உப்பு அள்ளிக் கைதானார்.

நடந்து வருகிற தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அப்போது சர்க்கார் மிரட்டியது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, வழியில் உள்ள மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள்! கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தொண்டர்களும் பசியாறினார்கள். அந்தப் போராட்டத்தின் நினைவாக அகஸ்தியம்பள்ளியில் ஒரு ஸ்தூபி நிற்கிறது. கோடியக்கரைக்குப் போகும் பிரயாணிகள் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்.

ஒரு காலத்தில் இந்த வழியாகக் கோடியக்கரை வரை ரயில் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. திருத்துறைப்பூண்டியில் இருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகலப் பாதை போடப்பட்டு, 2023 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு அப்பால் சாலைதான்.

"தனியாக இருக்கிறீரே!"

கொஞ்ச தூரத்தில் கோடிக்காடு. பெயரே சொல்கிறது, காடு தொடங்கிவிட்டது என்று. சாலையின் இரு புறமும் பச்சை. காற்றில் உப்பு வாடை.

இங்கே ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது. கோடிக்குழகர் கோயில் என்பார்கள். குழகர் என்றால் அழகர், இளமையானவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுந்தரமூர்த்தி நாயனார், சேரமான் பெருமாளுடன் இந்த இடத்துக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் காடு. காற்று வாரி அடிக்கிறது. பக்கத்தில் ஒரு வீடு இல்லை. இருட்டினால் ஆந்தை அலறுகிறது.

சுந்தரருக்கு மனம் பொறுக்கவில்லை. "அக்கம் பக்கத்தில் குடி இருந்தால் குற்றமா? யாரைத் துணையாக நம்பி இப்படித் தனியாக இருக்கிறீர்?" என்ற கருத்தில் குழகரையே கேட்டுப் பாடினார். தேவாரத்தில் அந்தப் பதிகம் இருக்கிறது.

கடவுளைப் பார்த்து, "தனியாக இருக்கிறீரே, பயமாக இல்லையா?" என்று ஒருவர் கவலைப்படுகிறார் என்றால், அந்த நாளில் கோடியக்கரை எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கு சாலை வந்துவிட்டது. மின்சாரம் வந்துவிட்டது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் மழைக் காற்று வீசும் இரவில் இங்கே நிற்கிறவருக்கு, சுந்தரரின் கவலை நன்றாகப் புரியும்.

திருகுக் கொம்பு மான்கள்

கோடியக்கரைக் காடு வானம் முட்டும் காடு அல்ல. மழை குறைந்த கடற்கரையில், வருஷம் முழுவதும் இலை உதிராமல் நிற்கும் குட்டையான காடு. இந்த வகைக் காடு தமிழ்நாட்டில் மிகவும் குறைந்துவிட்டது. இங்கே அதிகம் உள்ளது பாலை மரம். அதன் சிறிய மஞ்சள் பழம் தேன் போல இனிக்கும். பறவைகளும் விலங்குகளும் அதை விரும்பித் தின்னும். மூலிகைகளும் இங்கே நிறைய உண்டு.

காட்டுக்கு நடுவே புல்வெளிகள். அங்கேதான் வெளிமான்கள் மேய்கின்றன. ஆண் மானின் முதுகு கருமை. வயிறு வெண்மை. கொம்பு முறுக்கிய கயிறு போல் திருகித் திருகி மேலே போகும். அதனால் திருகுமான் என்றும் சொல்வார்கள். பெண் மான் மண் நிறம். பயந்துவிட்டால் மந்தை முழுவதும் ஒன்றன் பின் ஒன்றாகத் துள்ளிப் பாயும். அதைப் பார்க்கும் குழந்தைகளும் கூடவே துள்ளுவார்கள்!

புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி ஆகியவையும் உண்டு. ஓர் அதிசயம், இங்கே குதிரைகளும் இருக்கின்றன. யாரும் கட்டுவதில்லை. யாரும் தீனி வைப்பதில்லை. எப்போதோ மனிதர் வளர்த்த மட்டக் குதிரைகளின் வம்சம் இவை. இப்போது காட்டுப் பிராணியாகவே மாறிவிட்டன.

1967-ம் ஆண்டில் இந்த இடம் சரணாலயம் ஆயிற்று. வேட்டை நின்றது. ஆனால் இப்போது மானுக்கு வேறு ஒரு பகை முளைத்திருக்கிறது. அதுதான் சீமைக் கருவேலம். புல் முளைக்க வேண்டிய தரையில் முள் முளைத்துவிடுகிறது. புல் இல்லாவிட்டால் மானுக்கு ஏது இரை? வனத்துறையினர் கருவேலத்தை வேரோடு பிடுங்கி வருகிறார்கள். விதையோ மறுபடியும் முளைக்கிறது. முடிவில்லாத மல்லுக்கட்டு!

ராமர் நின்ற மேடு

காட்டுக்குள் ஒரு மணல் மேடு இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறு மண்டபம். அதற்குள் கல்லில் இரண்டு பாதச் சுவடுகள். இதற்கு ராமர் பாதம் என்று பெயர். இந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் இதுதான். உயரம் என்றதும் மலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். சில படிகள் ஏறினால் போதும். சுற்றிலும் அவ்வளவு தட்டையான பூமி!

சீதையைத் தேடி வந்த ராமர், இங்கே நின்று இலங்கையைப் பார்த்தாராம். ராவணன் கோட்டையின் பின்புறம் தெரிந்ததாம். "பின்புறமாகப் போய்த் தாக்குவது வீரனுக்கு அழகாகாது" என்று நினைத்து, ராமேசுவரம் நோக்கிப் போய்விட்டாராம். ஊரார் சொல்லும் கதை இது. கரையில் உள்ள கடல் துறைக்கு ஆதிசேது என்று பெயர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் இங்கே கடலாடி, முன்னோருக்குத் திதி கொடுக்கிறார்கள்.

மேட்டில் நின்று பார்த்தால் காட்டின் பச்சை தெரியும். தூரத்தில் கடலின் நீலம் தெரியும். மாலையில் மான்கள் மேய வருவதும் தெரியும்.

உடைந்த விளக்கு

இனி கடற்கரைக்குப் போகலாம். கோடியக்கரையின் பெயரைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொண்டு போனவர் கல்கி. 1950-ம் ஆண்டில் அவர் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையில், வந்தியத்தேவன் இலங்கைக்குப் போகக் கோடியக்கரைக்கு வருகிறான். அங்கே கலங்கரை விளக்கத்தைக் காப்பவரின் மகள் பூங்குழலி. தன்னந்தனியாகப் படகு விடுகிற துணிச்சல்காரி. காட்டில் உள்ள புதைசேறு கூடக் கதையில் வருகிறது. இன்றும் கோடியக்கரைக்கு வருகிற பலர், "பூங்குழலியின் விளக்கு எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பூங்குழலி கற்பனைப் பாத்திரம். ஆனால் பழைய விளக்கு ஒன்று உண்மையிலேயே இங்கே இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கோபுரம். சோழர் காலத்து விளக்கு என்று ஊரார் சொல்லி வந்தார்கள். அதன் உச்சியில் தீ எரிவது நின்று பல காலம் ஆகியிருந்தது. ஆனாலும் பாட்டன் காலத்துப் பெரியவர் போல அது கரையில் நின்றது. பகலில் கடலில் இருந்து வருகிறவர்களுக்கு அது ஓர் அடையாளம்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது.

இந்தியாவில் அன்று அதிக உயிர்ச் சேதம் கண்ட மாவட்டம் நாகப்பட்டினம். மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அழாத குப்பம் இல்லை. பல நூறு ஆண்டுகளாகக் காற்றுக்கும் மழைக்கும் ஈடு கொடுத்த பழைய விளக்கும் அந்த அலையில் இடிந்து விழுந்தது. மிச்சம் இருப்பது அடிப்பாகத்தின் இடிபாடுதான். விளக்கைத் தேடி வருகிறவர்கள் அந்தச் செங்கல்லைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் அன்று இரவு கோடியக்கரையில் விளக்கே இல்லாமல் போய்விட்டதா? இல்லை. பழைய விளக்கு ஓய்ந்த பிறகு, ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு விளக்குக் கோபுரம் எழுந்தது. சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் அதைவிட உயரமான புதுக் கோபுரம் ஒன்றும் எழுந்தது. ஒன்று தளர்ந்தால் இன்னொன்று. தாத்தா கையில் இருந்து அப்பா கைக்கும், அப்பா கையில் இருந்து பிள்ளை கைக்கும் போவது போல, விளக்கு கை மாறி வந்திருக்கிறது.

வலையும் குடிசையும்

இந்த விளக்கு யாருக்காக? கப்பல்களுக்காக என்று சொல்லலாம். ஆனால் இதை நம்பி இருப்பவர்களில் முக்கியமானவர்கள் மீனவர்கள்.

ஆண்டுதோறும் அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி காலம். அப்போது இந்தச் சின்ன ஊர் பெருத்துவிடும். நாகை, காரைக்கால், மயிலாடுதுறை, கடலூர் பகுதி மீனவர்கள் படகும் வலையுமாக இங்கே வந்து தங்குவார்கள். மணலில் தற்காலிகக் குடிசைகள் முளைக்கும். மீன் ஏலம் நடக்கும். ஐஸ் பெட்டிகளுடன் லாரிகள் நிற்கும். கருவாடு காயும். பிழைப்பைத் தேடி வந்தவர்கள் பங்குனி பிறந்ததும் மூட்டை கட்டுவார்கள். ஊர் மறுபடியும் சுருங்கிவிடும்.

வந்து தங்கும் ஆறு மாதமும் பயம்தான். அதுவே புயல் மாதங்கள். கடலில் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. பாக் நீரிணை குறுகிய கடல். இந்தியாவும் இலங்கையும் 1974-ம் ஆண்டில் அதில் எல்லை வகுத்தன. தண்ணீரில் கோடு கிழித்தால் தெரியுமா? மீன் போகும் பக்கம் வலை போகிறது. வலை போகும் பக்கம் படகு போகிறது. எல்லை தாண்டியதாக மீனவர் கைதாவதும், நடுக்கடலில் யாரோ வந்து வலையையும் மீனையும் பறித்துப் போவதும் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற சேதிகள். இலங்கையின் வட கரையில் உள்ள தமிழ் மீனவர்களோ, "எங்கள் கடலில் எங்கள் வலை அறுகிறது" என்று வருந்துகிறார்கள். இரு கரையிலும் அதே மொழி, அதே தொழில், அதே பசி.

இப்போது படகுகளில் திசை காட்டும் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. கைப்பேசி வந்துவிட்டது. ஆனால் கருவி நனையலாம். கைப்பேசியில் சார்ஜ் தீரலாம். என்ஜின் நின்று, படகு அலையில் ஆடும்போது, தூரத்தில் ஒரு வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தால் போதும். உயிர் வந்துவிடும். கரையில் காத்திருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் அதே வெளிச்சம்தான் ஆறுதல்.

வானத்து விருந்தாளிகள்

மீனவர் வருகிற அதே அக்டோபரில் வேறு விருந்தாளிகளும் வருகிறார்கள். வடக்கே பனி உறையும் சைபீரியா முதலிய தூர தேசங்களில் இருந்து, பல ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து, பறவைகள் வந்து இறங்குகின்றன. சதுப்பிலும் உப்பங்கழியிலும் அவற்றுக்கு வேண்டிய இரை கிடைக்கிறது. பூநாரைகள் கூட்டமாக நிற்கும்போது, தண்ணீரின் மேல் இளஞ்சிவப்புச் சேலையை விரித்தது போல் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் உள்ளான் குருவி கூடக் கடல் தாண்டி வந்த பிரயாணிதான்!

பறவை அறிஞர் சலீம் அலி, 1962-ம் ஆண்டிலேயே இந்த இடத்தின் அருமையைக் கண்டு சொன்னார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். அந்த வளையத்தைக் கொண்டு, எந்தப் பறவை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். 2002-ம் ஆண்டில் இந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் சேர்ந்த தமிழ்நாட்டின் முதல் இடம் இதுதான்.

தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து முட்டையிடும். நாயும் நரியும் தின்றுவிடாமல், வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். ஆமைக் குஞ்சும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது. இரவில் கடல்மேல் தெரியும் வானத்து வெளிச்சம்தான் அதற்கு வழிகாட்டி!

கஜா அடித்த இரவு

2018 நவம்பர் 16-ந் தேதி விடியும் முன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மாமரங்கள் வேரோடு பெயர்ந்தன. வீடுகள் கூரை இழந்தன. மின்சாரக் கம்பங்கள் முறிந்து, பல ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்தன. மான்களும் குதிரைகளும் இறந்தன. கடல் இழுத்துப் போன மான்களின் உடல்கள் தூரத்துக் கரைகளில் ஒதுங்கின.

மனிதர்கள் என்ன செய்தார்கள்? கிழிந்த வலையைத் தைத்தார்கள். உடைந்த படகைச் சரி செய்தார்கள். புதிதாகக் கூரை வேய்ந்தார்கள். காட்டில் முறிந்த மரங்களின் அடியில் இருந்து தளிர் வந்தது. தப்பிய மான்கள் குட்டி போட்டன. மறு வருஷமும் பறவை வந்தது. படகும் போயிற்று.

போகிறவர்கள் கவனிக்க

வேதாரண்யத்தில் இருந்து கோடியக்கரைக்குப் பஸ் உண்டு. பறவை பார்க்க நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். மான் பார்க்கக் காலையும் மாலையும் நல்லது. சரணாலயத்துக்குள் போக வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். குடிக்கத் தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போவது உத்தமம். மானுக்கும் குரங்குக்கும் தின்பண்டம் போடக் கூடாது. பிளாஸ்டிக் பையை வீசி எறியக் கூடாது. கடலில் தெரியாத இடத்தில் இறங்கக் கூடாது. சேற்று நிலத்தில் துணையில்லாமல் நடக்கவே கூடாது.

முடிந்தால் மாலை வரை இருந்து, பொழுது சாய்வதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும். படகுகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கும். குழந்தைகள் அப்பாவுக்குக் கை காட்டுவார்கள். பெண்கள் படகு மறைகிற வரை நின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். சிறிது நேரத்தில் கோபுரத்தின் உச்சியில் விளக்கு எரியத் தொடங்கும்.

தனியாக இருக்கிறாரே என்று குழகருக்காகச் சுந்தரர் வருந்திய அதே கரை இது. இன்றைக்கு அங்கே அடுப்புப் புகைகிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள், கடலில் இருக்கும் மனிதருக்காக ஒரு விளக்கு விடிய விடிய விழித்திருக்கிறது.